முனியாண்டியிடமும் கேட்டவர்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததோடு சரி. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் இப்போது ஓட்டை வாளி. முன்னால் நடந்தது பின்னால் வரும், பின்னால் நடந்தது வராமலே போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தகம் போடுகிற குமார் தம்பி, "நீங்க எழுதுங்க பாட்டி, பிழையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் லா," என்று சொன்ன தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வேண்டியது ஒரு அக்காவைப் பற்றி. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் அக்கா. முதல் நாளே என்னிடம், "உங்களை நான் என்னெண்டு கூப்பிடலாம்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குழம்பிப்போய், "உங்க இஷ்டம் அக்கா," என்றேன். "அப்ப நானும் அக்கா எண்டே கூப்பிடுறன்," என்றார். கடைசிவரை நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு அக்கா. என் மருமகளுக்குச் சிரிப்புத் தாங்காது.

அவர் வீடு சிரம்பானில், தெமியாங் பக்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ஏதோ ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாம். அக்கா நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள், கோயில் குளம் போவார்கள். இவர் தோட்டம் தோட்டமாகப் போனார். விற்றுப்போன தோட்டம், இடித்துப் போட்ட லயத்து வீடுகள், எங்கே பழைய படமும் கோயில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் பாட்டு கேசட்டும் கிடைக்கிறதோ, அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி வைக்கும் வேலை. குமாரும் கூட்டாளிகளும் அதை டிஜிட்டல் ஆவணகம் என்பார்கள். எனக்கு அது நெட்டுப் பெட்டி.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் வேலி ஓரத்தில். தோட்டத்தை விற்ற பிறகு எங்களுக்குக் கிடைத்த தரைவீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதில் பாதி ரோட்டுப் பக்கம் தொங்கும். போகிற வருகிற எல்லாரும் ஒடித்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஒரு பழைய கஞ்சில் கார் வந்து நின்றது. ஒரு அம்மா இறங்கி, மரத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். மருமகள் பயந்துபோய், "என்ன ஆண்ட்டி வேணும்?" என்று கேட்டாள்.

"ஒரு இணுக்கு எடுக்கலாமோ எண்டு கேக்கத்தான். வீட்டில ஆரும் வெளியில வரட்டும் எண்டு நிண்டனான்."

"ஐயோ, ரோட்டுல தொங்குறதுதானே. ஒடிச்சிக்குங்க லா!"

"மரம் உங்கட முத்தத்தில எல்லோ நிக்குது? ரோட்டில தொங்கினா அது ரோட்டின்ர மரமோ?"

பிறகு எங்கள் ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'கேட்டுக் கேட்டு அக்கா'. அவருக்கும் அது தெரியும். "அப்பிடிக் கூப்பிட என்னிட்ட அனுமதி கேட்டவையோ?" என்று சிரிப்பார்.

முனியாண்டி கோயிலைப் படம் எடுக்க வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. பூசாரி சரி என்றார், கோயில் தலைவர் சரி என்றார். அக்கா கேமராவை எடுத்தவர், சாமிக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். குமார் பின்னாலிருந்து, "ஆண்ட்டி, சாமி என்ன சொன்னாரு?" என்றான்.

"மறுப்பொண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஓகேதானே?"

"பேசாமல் இருக்கிறது சம்மதமெண்டு ஆர் சொன்னது?"

கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரிசு ஒன்று, "சாமி லைன் பிசி போல, கொஞ்சம் நேரம் கழிச்சி அடிச்சிப் பாருங்க," என்றது. எல்லாரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து மணி கட்டியிருந்த கயிறு காற்றில் ஆடி லேசாக ஒரு சத்தம் வந்தது. அக்கா குமாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் படம் எடுத்தார்.

இப்படி இருந்தால் வேலை ஓடுமா? ஓடாது. குமாருக்கும் அவருக்கும் அதில் எப்போதும் சண்டை. எங்கள் வீட்டு ஹாலில்தான் நடக்கும், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்பேன்.

"ஆண்ட்டி, முதல்ல போட்டுருவோம். யாராச்சும் கம்ப்ளைன் பண்ணா உடனே எடுத்துருவோம். பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் செய்றாங்க."

"முதல் எடுத்துக்கொண்டு போறது. பிடிபட்டா திருப்பிக் குடுக்கிறது. அதுக்கு வேற பேர் இருக்குத் தம்பி."

"எடுத்தவரு யாருன்னே தெரியாத படம் நூத்துக்கணக்குல இருக்கே. யாரைப் போய் கேக்குறது?"

"தேடிப் பாத்திட்டு, தேடினம், கிடைக்கேல்லை எண்டு எழுதுவம். தேடாமல் 'தெரியாது' எண்டு எழுத எனக்கு உரிமை இல்லை."

குமார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வீட்டில் அருமையான படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஈப்போவில் இருந்த மூத்த மகனின் சம்மதம் வரட்டும் என்று அக்கா காத்திருந்தார். சம்மதம் வருவதற்குள் வெள்ளம் வந்தது. பெட்டி போயிற்று. அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தார். எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைத்துவிடுவார். யாருக்கும் காட்ட மாட்டார். "காப்பாத்திறது வேற, காட்டுறது வேற. காட்டத்தான் கேக்கோணும்," என்பார். குமார், "ஒரு வழியா பாதி தூரம் வந்துட்டாங்க," என்று என் காதில் சொன்னான்.

என் கல்யாணப் படத்துக்குப் பட்ட பாடு வேறு. படத்தில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும். எடுத்தது சிரம்பானில் ஒரு சீனர் ஸ்டூடியோ. எடுக்கச் சொன்னது என் மாமனார். "அப்ப உரிமை ஆருக்கு?" என்று அக்கா என்னைக் கேட்டார். மூஞ்சி என்னுடையது, அதனால் எனக்குத்தான் என்று நினைத்தேன். இல்லையாம். எடுத்தவருக்கும் எடுக்கச் சொன்னவருக்கும் இடையில்தான் பேச்சே, மூஞ்சிக்குக் கணக்கில்லை. அக்கா தெமியாங்கில் காப்பிக்கடை காப்பிக்கடையாக விசாரித்து, ஸ்டூடியோக்காரர் மகனைக் கண்டுபிடித்தார். அவர் மீ நூடுல்ஸ் கடையில் கரண்டியும் கையுமாக நின்று, "அம்பில் லா ஆண்ட்டி, எடுத்துக்குங்க, அப்பா செத்து எவ்வளவு காலம்!" என்றாராம். அவரிடமும் கையெழுத்து. பிறகு மாமனார் வழியில் என் ஓரகத்தியின் கையெழுத்து வேண்டும். நானும் அவளும் ஒரு அம்மிக்கல் விஷயத்தில் பேச்சை விட்டு எத்தனையோ வருஷம். அக்காவுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் படத்தைப் பார்த்து, "அன்னிக்கு உன் புடவைக்கு நான்தானே கொசுவம் வச்சேன்," என்றாள். பேச்சு வந்துவிட்டது.

எல்லாக் கையெழுத்தும் வாங்கி முடித்த பிறகு அக்கா சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பழைய படத்துக்கு அம்பது வருஷம்தான். உங்கட படத்தை எப்பவோ சட்டம் விட்டிட்டுது. ஒருத்தரையும் கேட்டிருக்கத் தேவையில்லை."

"அப்ப இவ்வளவு அலைஞ்சது?"

"கேட்டது வீண் போகுமோ?" என்றார். ஓரகத்தி கொடுத்தனுப்பிய முறுக்கைத்தான் அப்போது கடித்துக்கொண்டிருந்தார்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் தோட்டத்தில் கல்யாணம் என்றால் நலங்கு அன்று பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடுவார்கள். எத்தனை கல்யாணம் நடந்தாலும் ஒரு பாட்டுத்தான் முதலில் வரும்:

*மோட்டாரு சத்தம் கேக்குது வாசலிலே – அங்க*
*மாப்பிள்ளையக் காணோமடி தோழி*
*மாமியா முந்தானையில் முடிஞ்சு வச்ச – அந்த*
*முந்திரிப் பழத்தத் தேடடி தோழி*

பாடுவது பவுனு. என் கூட்டாளி. பக்கத்து ரப்பர் நிரையில் பால் வெட்டியவள். அவள் தொண்டையைத் திறந்தால் ஸ்டோரில் பால் நிறுக்கிற மண்டோர், எங்கள் மேஸ்திரி, தராசை விட்டு எட்டிப் பார்ப்பார். பாட்டைக் கட்டியது நான். எனக்கு நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் மரத்தடியில் அவள் காதில் சொல்லுவேன், அவள் சபையில் பாடுவாள். ஊர் அதைப் பவுனு பாட்டு என்றது. எனக்கு அது சௌகரியம்தான். பவுனு போய்ப் பல வருஷமாகிறது. அவள் மகள் செல்வி புக்கிட் பெலண்டோக்கில் இருக்கிறாள், என்னைச் சித்தி என்பாள். அவளுக்கும் அது அம்மா பாட்டு.

பவுனு பாடிய ஒரே ஒரு கேசட் மைக் செட்காரர் வீட்டில் கிடைத்தது. அக்கா என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு இடத்தில் ஒலிபெருக்கி வீலென்று கத்தி ஒரு அடி கேட்கவில்லை. செல்வியைக் கேட்டார், தெரியவில்லை. ஊரில் எல்லாரையும் கேட்டார், தெரியவில்லை. நான் அடுப்படியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தவள், யோசிக்காமல் அந்த அடியைச் சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. அது கொஞ்சம் பச்சையான அடி. வாய் துடுக்கான பவுனுவே, "சீ, இத நான் பாட மாட்டேன்டி," என்று தள்ளியது. இங்கேயும் எழுத மாட்டேன்.

அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "அது கேசட்டில இல்லையே."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை நான் தெரிஞ்சு வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டார். தெரிந்துகொள்வதற்குக்கூட ஒரு மனுஷி அனுமதி கேட்பாளா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"தெரிஞ்சிக்குங்க அக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. செல்வி மனசு ஒடைஞ்சிடும்."

சொல்லவில்லை. பாட்டைப் போடலாமா என்று கேட்டார், சரி என்றேன்; பேரைப் போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஆனால் பொய்யும் எழுத மாட்டாரே! நெட்டுப் பெட்டியில் பாட்டைப் போட்டபோது, குரல் பவுனு, அவர் மகள் சம்மதத்தோடு. ஒலிப்பதிவு இன்னார், அவர் மகன் சம்மதத்தோடு என்று போட்டு, சொற்கள் என்ற இடத்தில், 'இயற்றியவர் இருக்கிறார், பெயர் வெளியிட அனுமதி தரவில்லை' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், ஊரே துப்புத் துலக்கக் கிளம்பியது. பழைய மண்டோர் ஒருவர் தான் கட்டிய பாட்டு என்றார். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டை மண்டோர் ஏன் கட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கோயில் தலைவர் தன் அம்மா என்றார். செல்விக்கு மட்டும் கோபம். "எங்கம்மா பாட்டுக்கு வேற யாரு சித்தி ஆளு?" என்று என்னிடமே வந்து கேட்டாள். நான் அவளுக்கு மீன் குழம்பு ஊற்றினேன்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் செல்வி அழுதுகொண்டே வந்தாள். கே.எல். பட்டணத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒரு குழு அந்தப் பாட்டைக் கீபோர்டு, டிரம்செட் எல்லாம் வைத்துப் பாடி நெட்டில் விட்டிருக்கிறது. அதைத் தங்கள் சொத்தென்று பதிந்தும் வைத்திருக்கிறது. நெட்டில் யார் பாட்டு யாருடையது என்று பார்க்க ஒரு மிஷின் இருக்கிறதாம். அது பவுனு பாடியதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பாட்டின் காப்பி என்று முடிவு செய்து நிறுத்திவிட்டது. பவுனு படம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம், அதில் உரிமை வேறொருவருக்கு என்று ஒரு வரி.

"பக்கத்து வீட்டுல கேக்குறாங்க சித்தி, உங்கம்மா பாட்டு காப்பியாமேன்னு. எங்கம்மா பாடுறப்ப அந்தப் பையனுங்க பொறக்கவே இல்ல. எங்கம்மா திருடியா?"

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மறுத்து எழுதலாம் அக்கா. குரலுக்கு என்னிட்ட சம்மதம் இருக்கு, பதிவுக்கும் இருக்கு. சொல் ஆருடையது எண்டு கேட்டிருக்கினம். அதில எழுத எனக்கு அனுமதி இல்லை."

"பாட்டு கட்டினவ உயிரோட இருந்தா?"

"அவ இருக்கிற வரைக்கும் அவவின்ர. அதுக்குப் பிறகும் அம்பது வருஷம்."

"நான் இருக்கறதே பெரிசு. எனக்கப்புறம் அம்பது வருஷமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாட்டை அழிக்கவில்லை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், யோசிக்க வேண்டாம் என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பேரைச் சொல்லலாமான்னு இன்னொரு தடவை என்னைக் கேக்கலாமே அக்கா?"

"ஒருக்கா கேட்டன். இல்லை எண்டீங்கள். ரெண்டாந்தரம் கேட்டா அது கேக்கிறதில்லை அக்கா, நெருக்கிறது."

போனை வைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்றேன். வாயைத் திறந்தால் பவுனு திருடி இல்லை என்றாகும். செல்விக்கு அம்மா பாட்டு இல்லையென்றும் ஆகும். திறக்காவிட்டால் அவள் அம்மா திருடியாகவே நிற்பாள். மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு புக்கிட் பெலண்டோக்குக்குப் போனேன். வழி முழுக்க, அக்கா எப்படிக் கேட்பாரோ அப்படியே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு உன்னைக் கேட்டுட்டுத்தான் ஊருக்குச் சொல்லுவேன். நீ வேணாம்னா சொல்லல."

கேட்டு முடித்ததும் அவள் எழுந்து கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்த துணி, ஈரத்துணி எல்லாவற்றையும் சேர்த்து உருவிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள். நான் கிளம்பியபோது வாசல்வரை வரவில்லை.

அந்த வாரம் முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. ஹலோகூட இல்லை.

"சித்தி, அந்த ஆட்டு அடி?"

ஆட்டு அடி என்றால் இது. ஒரு கல்யாணத்தில் பந்தல் காலில் மாட்டி வைத்திருந்த மாப்பிள்ளை மாலையை ஆடு தின்றுவிட்டது. எல்லாரும் பதறியபோது பவுனு நின்ற இடத்திலேயே எடுத்துவிட்டாள்:

*மாலைய ஆடு மேஞ்சு போச்சு – இனி*
*மாப்பிள்ளைய எது மேயும் தோழி!*

பந்தலே உருண்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றையிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் ஜனம் காத்திருப்பது அந்த அடிக்குத்தான். நான் மரத்தடியில் உட்கார்ந்து கட்டியதெல்லாம் அதற்கு வழிவிட்டு நிற்கும். எனக்கே அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

"அது உங்கம்மாவுது. எனக்கு அப்படியெல்லாம் வராது," என்றேன்.

"சத்தியமா?"

"முனியாண்டி மேல சத்தியமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு சிரிப்பு. அம்மா சிரிப்பு அப்படியே இருக்கும். "அதுதானே பாத்தேன். நீங்க எங்க ஆட்டைப் பத்திப் பாடப் போறீங்க! சொல்லிடுங்க சித்தி. ஆட்டு அடியில மட்டும் எங்கம்மா பேரு இருக்கணும்."

அக்கா மறுப்பு எழுதினார். அதோடு நிற்கவில்லை, அந்தக் குழுவைத் தேடிப் பிடித்துப் பேசவும் செய்தார். வம்பு பேசுவார்கள் என்று நான் நடுங்கினேன். அங்கே பாடுகிற தம்பி பதறிவிட்டான். கல்யாண வீடுகளில் கேட்ட பாட்டு, யாருடையதும் இல்லை என்று நினைத்தார்களாம். "எங்க தொங்கிச்சு தம்பி, ரோட்டிலயோ?" என்று அக்கா கேட்டிருப்பார், எனக்குத் தெரியும். அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள், கறுப்புக் கட்டம் போயிற்று, பவுனு திரும்பி வந்தாள்.

ஒரு மாலை அக்கா காரை விட்டு இறங்கி, போனைக் கையில் நீட்டிக்கொண்டே வந்தார். "அந்தத் தம்பி. பாட்டைத் தொடர்ந்து பாடலாமோ எண்டு கேக்கிறார்."

"நீங்களே சொல்லிடுங்க அக்கா."

"என்னிட்ட இல்லை அக்கா. உங்களிட்டக் கேக்கினம்."

போனை வாங்கிக்கொண்டு நின்றேன். என்னைப் பெண் பார்த்துப் போனபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த நிரையை மாற்றியபோது கேட்கவில்லை. லயத்தை இடிக்க வந்தபோதும் சாமானை எடுங்கள் என்றுதான் சொன்னார்கள், கேட்கவில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, "பாடலாமா பாட்டி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா நெருக்கவில்லை, கறிவேப்பிலை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடுங்க தம்பி," என்றேன். "ஆட்டு அடியை மட்டும் செல்வியைக் கேட்டுட்டுப் பாடுங்க."

அக்கா சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போகும்போது, "ஒரு இணுக்கு எடுக்கலாமோ?" என்றார். எத்தனையோ தடவை எடுத்த மரம். ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

அக்கா போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். அவர் நினைவாக நெட்டுப் பெட்டிப் பிள்ளைகள் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதற்குத்தான் இது. "தலைப்புலயே ஆண்ட்டி பேரைப் போட்டுருங்க பாட்டி," என்றான் குமார். பேனாவை வைத்தேன், ஓடவில்லை. அவர் பெயரைப் போடலாமா என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லையே. பேசாமல் இருக்கிறது சம்மதமில்லை என்று சொன்னவர் வேறு.

அதனால் பெயர் போடாமலே எழுதி முடித்தேன். இனி விஷயம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த ஐம்பது வருஷக் கணக்கைப் படத்துக்கும் பாட்டுக்கும் நான் சரியாக எழுதியிருக்கிறேனா, ஈப்போ என்றது ஈப்போதானா, மணி ஆடியது காற்றிலா என்று பாருங்கள். பெயர் விஷயம் மெல்பர்னில் இருக்கும் அக்காவின் மகளுடையது. குமார் கேட்டு எழுதியிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை. போடலாம் என்று அவர் சொன்னால் குமார் போடட்டும். வேண்டாம் என்றால் இப்படியே இருக்கட்டும். இரண்டாம் தரம் கேட்க வேண்டாம்.